கம்பளத்தைச் சேர்க்கக் கூடாது

"கண்ணை மூடுங்க" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பான் நகரில், எண்டெனிஹ் பக்கம், ஒரு பழைய வீட்டின் கூரையடி அறையில் குடியிருந்தேன். சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, செய்திகளை மொழிபெயர்க்கும் வேலைக்கு ஜெர்மனி வந்திருந்தேன். தரைத்தளத்தில் அவரும் அவர் மனைவி கோமதியும் இருந்தார்கள். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். அவர் பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வாளர். மேலே வந்திருப்பவள் தமிழ்ப் பெண் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே கோமதி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

கூடத்தின் நடுவில் வெள்ளை வண்ணம் அடித்த சதுர மேஜை. அதன் கீழே சாம்பல் நிறக் கம்பளம். உட்காரப் போன என்னைத் தடுத்துத்தான் அவர் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். ஏதோ லேசாக உரசியது.

"இப்பத் திறங்க. மேஜையைத் திருப்பினேனா, திருப்பலையா?"

மேஜை முன்பு இருந்தபடியேதான் இருந்தது. ஆனால் பத்திரிகை வேலையில் முதலில் படிகிற பழக்கம், காட்டப்படும் பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருப்பதைப் பார்ப்பது. கம்பளத்தில் மேஜைக்கால் அழுத்திய குழி ஒன்று, காலுக்கு ஒரு விரல் தள்ளி வெறுமையாகத் தெரிந்தது.

"திருப்பிட்டீங்க" என்று குழியைக் காட்டினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கம்பளத்தைச் சேர்க்கக் கூடாது. மேஜை மட்டும்தான் கணக்கு."

அடுப்படியில் கோமதி சிரித்தாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் இவர் இதைத்தான் செய்கிறார் என்றும், கம்பளத்தைப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னாள். தான் எப்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பதாகவும், பாதி நாள் அவர் திருப்பாமலே திருப்பியதாக நடிப்பதாகவும் சொன்னாள். அவர் அதை மறுக்கவில்லை. அவளுடைய பொய்க்குருட்டை மட்டும் அவர் மன்னித்து வைத்திருந்தார்.

அவரை இங்கே அவர் என்றே எழுதுகிறேன். பெயர் என்பது பாட்டிலில் ஒட்டும் சீட்டு மாதிரி, உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கொள்கை. அதை அவருக்கே பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

அவருடைய ஆராய்ச்சியை எனக்கு ஒரு ரொட்டித் துண்டை வைத்து விளக்கினார். சதுரமான துண்டு. அதைக் கால் வட்டம், அரை வட்டம், முக்கால் வட்டம் திருப்பலாம். நாலு விதமாகப் புரட்டிப் போடலாம். ஒவ்வொரு தடவையும் துண்டு தன் இடத்திலேயே, தன் வடிவத்திலேயே வந்து உட்காரும். மூலைகள்தான் இடம் மாறியிருக்கும். இப்படி ஒரு பொருளை அதன் மேலேயே பொருத்துகிற அசைவுகள் எல்லாம் சேர்ந்தது ஒரு குரூப். சதுரத்துக்கு அப்படி எட்டு அசைவு.

நான் எண்ணிப் பார்த்து ஏழுதான் வருகிறது என்றேன்.

"சும்மா இருக்கறதை விட்டுட்டீங்க. ஒண்ணும் செய்யாம இருக்கறதும் ஒரு மூவ்தான். அது இல்லாம குரூப்பே இல்லை."

கோமதி குனிந்து அந்த ரொட்டியின் ஒரு மூலையைக் கடித்தாள். "இப்ப எத்தனை?" என்று வாயில் ரொட்டியோடு கேட்டாள். அவர் கோபப்படவில்லை. ரொட்டியை நிதானமாகப் பார்த்தார். ரெண்டு மிச்சம் என்றார். ஒன்று, சும்மா இருப்பது. இன்னொன்று, கடிபட்ட மூலையை அசையாமல் வைத்துக்கொண்டு, மூலைவிட்டத்தில் புரட்டுவது. அப்போது கடிபட்ட மூலை அங்கேயே இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் இருந்த மூலையும் அந்தப் பக்கம் இருந்த மூலையும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும். இந்த விளக்கத்தைப் பின்னால் நான் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

அந்தக் குளிருக்கு அவர் கோமதிக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தந்தார். விரல் பிரியாத, பை மாதிரியான உறை. விரல் வைத்த கையுறையில் இடது வலது என்று பேதம் உண்டு, இதில் இல்லை, எதை எதில் மாட்டினாலும் ஒன்றுதான் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். சில்லறை எடுக்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டியிருக்கிறதே என்றாள் கோமதி. அவருக்கு அது காதில் விழவில்லை. ஆனாலும் அவள் அதைத்தான் போட்டுக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் கோமதி இறந்துபோனாள். காய்ச்சலாகத் தொடங்கி நுரையீரலுக்குப் போய்விட்டது. மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தாள். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, அத்தானுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, குழைத்துவிடுவார் என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே போனேன். வெள்ளை மேஜையில் இரண்டு கோப்பைகள் வைத்திருந்தார். ஒன்றில் காப்பி ஆறிக் கிடந்தது. இன்னொன்று காலி. என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து, "சும்மா இருக்கறதும் ஒரு மூவ்தான்" என்றார். அன்று பிற்பகல் முழுவதும் அதையே செய்தார். அவரைப் பற்றி நான் இனிச் சொல்லப்போவது எதையும், இந்தக் காட்சியை ஒதுக்கிவிட்டுச் சொல்வது நேர்மையாகாது. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

வருடம் திரும்பியதும் ஊருக்குப் போனார். கோமதியின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார்.

இது நம் பக்கத்தில் புதிதல்ல. மூத்தவள் போய்விட்டால் இளையவளைக் கொடுப்பதும், வீட்டு உறவு விட்டுப்போகக் கூடாது என்பதும் வழக்கம். மற்றவர்கள் அதை விதி என்றோ, வேறு வழியில்லை என்றோ சொல்லிச் செய்வார்கள். அவர் அதற்கு ஒரு நிரூபணம் வைத்திருந்தார். மாடிப்படியில் என்னை நிறுத்தி விளக்கினார்.

"மாமனார் அதே மாமனார். மாமியார் அதே மாமியார். மச்சான் அதே மச்சான். எந்த உறவும் மாறல. ரெண்டு பேரை இடம் மாத்திப் போட்டும் யாருக்கு யார் என்னங்கறது அப்படியே இருந்தா, அதுக்கு ஆட்டோமார்ஃபிசம்னு பேரு. அமைப்பு தன்னைத்தானே வந்து மூடிக்குது. பாத்தீங்களா?"

ஆதாரமாக இன்னொன்றும் சொன்னார். அவள் அவரை முன்பும் அத்தான் என்றுதான் கூப்பிட்டாள், அக்காள் கணவனாக. இப்போதும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறாள், தன் கணவனாக. அவள் வாயிலேயே ஒரு சொல்கூட மாறவில்லை.

குரூப் என்பதற்குத் தமிழ்ப் பாடநூல்களில் குலம் என்று பெயர் வைத்திருப்பதைப் பிற்பாடு அவரிடம் சொன்னேன். பொருத்தம்தான் என்றார். எதற்குப் பொருத்தம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் பெயர் ஆவுடையம்மாள். ஆவுடை. கோமதியைவிட ஒரு பிடி குள்ளம். முகச்சாயல் ஒன்றுதான், ஆனால் அவள் சிரிப்பது அபூர்வம். கோமதியின் கம்பளிக் கோட்டையே அவளுக்குப் போட்டுவிட்டார். கை நீளமாக இருந்ததை அவள் உள்பக்கம் மடித்துத் தைத்துக்கொண்டாள். சரியாக இருக்கிறது என்றார் அவர். அந்தக் கையுறைகளையும் கொடுத்தார்.

தெருமுனை ரொட்டிக்கடைக்கு அவளை முதலில் கூட்டிக்கொண்டு போன அன்று நானும் வரிசையில் நின்றேன். கடைக்காரிக்குக் கோமதி இறந்தது தெரியாது. ஜெர்மனியில் அந்த நாளில் டாக்டர் பட்டம் பெற்றவரின் மனைவியை ஃப்ராவ் டாக்டர் என்றே அழைப்பார்கள். கடைக்காரிக்குக் கோமதியும் ஃப்ராவ் டாக்டர், இவளும் ஃப்ராவ் டாக்டர். ரொம்ப நாளாகக் காணோமே, ஊருக்குப் போய் வந்ததில் இளைத்து, வயது குறைந்துவிட்டதே என்று கைகளைத் தட்டிச் சந்தோஷப்பட்டாள். ஆவுடைக்கு மொழி தெரியாது. அவள் என்ன சொல்கிறாள் என்று அவரைக் கேட்டாள்.

"நல்லா இருக்கியான்னு கேக்கறா" என்றார்.

ஆவுடை தலையாட்டினாள். கடைக்காரிக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

வீட்டில் அவளைக் கோமதி என்றே கூப்பிட்டார். முதலில் வாய்தவறி வருகிறது என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் அவர் வேலை பார்த்த கணித நிறுவனத்தில் நடந்த ஒரு விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அங்கேயும் "மை ஒய்ஃப் கோமதி" என்று அவளை அறிமுகப்படுத்தினார். திரும்பி வரும்போது நான் கேட்டேன். அங்கே இருப்பவர்கள் மிகவும் சிரமப்பட்டு ஒரு தமிழ்ப் பெயரைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், எதற்கு இன்னொன்றைச் சுமத்துவது என்றார். நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தபோது மட்டும் ஆவுடையம்மாள் என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். கடவுச்சீட்டில் அப்படித்தானே இருக்கிறது.

கடிபட்ட ரொட்டி எனக்கு நினைவு வந்தது அப்போதுதான். அந்த இரண்டாவது அசைவில் ஒரு மூலை அங்கேயே இருக்கும். அதன் இரு பக்கமும் இருப்பவைதான் இடம் மாறும். இந்தக் குடும்பக் கணக்கில் அசையாத மூலை அவர்.

பெருங்காயம் இருக்கிறதா, ஊசி இருக்கிறதா என்று கேட்டு ஆவுடை என் அறைக்கு வருவாள். வாங்கிக்கொண்டு உடனே போகமாட்டாள். நான் "உட்காரு ஆவுடை" என்பேன். உட்காருவாள். சில வாரத்தில் புரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது பெருங்காயம் இல்லை.

என்னை அவள் அக்கா என்று கூப்பிடவே இல்லை. நீங்க, வாங்க என்பாள். அந்தச் சொல்லுக்கு அவளிடம் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

"ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும். அதுக்கப்புறம் அவ பேரையே சொல்லட்டும். எனக்கும் அவ மேல ஆசைதானே. ஆனா ஒரு தடவையாவது நான் யாருன்னு அவருக்குத் தெரியணும்" என்றாள்.

அவரிடம் நேரடியாகவே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் கோபிக்கவில்லை. கேள்வியே புரியாதவர் போலப் பார்த்துவிட்டு, "எந்தப் பேரைச் சொன்னாலும் நீதானே வர்றே? அப்புறம் என்ன?" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வுப்பர்டாலிலிருந்து ஒரு மாணவன் வருவான். யாழ்ப்பாணத்துக்காரன். சாயத் தொழிலுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சோறு சாப்பிடுவதற்காகவே ரயில் ஏறி வருவதை ஒளிக்காமல் சொல்லுவான். மேஜை வித்தையை அவனிடம் காட்டியபோது கண்ணை மூடியபடியே, "அண்ணை, நீங்கள் எவ்வளவு வேணுமெண்டாலும் திருப்புங்கோ. கோழிக்கறி மட்டும் என்ர பக்கம் வந்து நிண்டால் சரி" என்றவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு, நிறுவனத்தில் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் காப்பிக்கு வந்திருந்தார். உயரமான, மரியாதையான ஜெர்மானியர். பேச்சு எப்படியோ ஆட்டோமார்ஃபிசத்துக்கு வந்தது. மாணவனுக்கு விளக்குவதற்காக அவர் தம் வெள்ளை மேஜை மேல் கோப்பைகளை அடுக்கினார். இது அப்பா, இது அம்மா, இவை இரண்டு மகள்கள். மகள் கோப்பைகள் இரண்டையும் இடம் மாற்றினார். அப்பாவுக்கு இரண்டும் மகள், அம்மாவுக்கு இரண்டும் மகள், ஒன்றுக்கொன்று சகோதரி. மாற்றிய பிறகும் எல்லாம் அப்படியே. என்ன மாறியது? ஒன்றும் இல்லை. முதலில் தமிழிலும் பிறகு ஜெர்மனிலும் சொன்னார்.

ஆவுடை காப்பிக் கெண்டியோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அவ எனக்கு அக்கா" என்றாள். "நான் அவளுக்கு அக்கா இல்லையே."

அவர் கை கோப்பை மேலேயே நின்றது.

அவள் குரலை உயர்த்தவில்லை. "மாத்திப் போட்டா நான் அவளுக்கு அக்கான்னு ஆகணும். ஆகாதுல்ல. நான் தங்கச்சி" என்றாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெட்கமோ வருத்தமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஆனந்தம். அப்படி ஓர் ஆனந்தத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஜெர்மானியரிடம் படபடவென்று விளக்கினார். உங்கள் மொழியில் சகோதரி என்றால் சகோதரி. அதில் மூப்பு இளமை கிடையாது, அதனால் இருவரையும் மாற்றலாம். எங்கள் உறவுமுறையில் அக்கா வேறு, தங்கை வேறு. வரிசை உள்ளேயே இருக்கிறது. வரிசை இருந்தால் இடமாற்றம் செல்லாது. அந்தக் குடும்பத்துக்குச் சும்மா இருப்பதைத் தவிர வேறு ஆட்டோமார்ஃபிசமே இல்லை! இரண்டு கட்டமைப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது.

ஜெர்மானியர் விரல் முட்டியால் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். அங்கே பல்கலைக்கழகத்தில் கைதட்டுவதில்லை, இப்படித்தான் தட்டுவார்கள்.

அவர் ஆவுடையின் பக்கம் திரும்பினார். கண் பளபளத்தது.

"பிரமாதம், கோமதி" என்றார்.

அவள் கெண்டியைச் சாய்த்து ஜெர்மானியரின் கோப்பையில் காப்பி ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

அவர்கள் இருவரும் ஜெர்மனில் மும்முரமாக இருந்தபோது மாணவன் அவள் பக்கம் சாய்ந்தான். "அக்கா, இவ்வளவு நாளாச் சாப்பிடுறன். உங்கட பேர் என்ன எண்டு நான் கேக்கவே இல்லை" என்றான்.

சொன்னாள்.

"ஆவுடையக்கா" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் அப்படித்தான் கூப்பிட்டான். அவர் அதைக் கவனித்ததற்கு அடையாளம் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் பெண்குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதை அவளிடமே விட்டார். எந்தச் சீட்டை ஒட்டினாலும் குழந்தை ஒன்றுதானே. ஆவுடை யோசிக்கவே இல்லை. கோமதி என்று வைத்தாள். மருத்துவமனைப் படுக்கையில் அவள் என்னிடம் பேசியதிலிருந்து அவள் எண்ணம் விளங்கியது. செத்துப்போனவள் பெயரைக் குழந்தைக்கு வைப்பது நம் வீடுகளில் உள்ளதுதான், யாரும் தப்பாகச் சொல்லமுடியாது. பெயருக்கு உரியவள் ஒருத்தி வந்துவிட்டால், இரண்டு பேரை ஒரே பெயரில் எப்படிக் கூப்பிட முடியும்? தனக்குத் தன் பெயர் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்.

நல்ல கணக்கு. அவரை நன்றாகப் புரிந்துகொண்டவள் போட்ட கணக்கு. அது பாதிதான் பலித்தது. குழந்தையை அவர் கோமதி என்று கூப்பிட்டார். ஆவுடையை எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், கோமதி என்று குழந்தையைக் கூப்பிடுவார். குழந்தை நடக்கத் தொடங்காத வரைக்கும் அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். நடக்கத் தொடங்கிய பிறகு பின்னாலேயே வந்தாள். ஒரு பெயருக்கு இருவர் வருவார்கள். அவருக்கு அது சௌகரியமாக இருந்தது.

வருடங்கள் போயின. நான் கொலோன் பக்கம் வீடு மாறினேன். ஆனாலும் போக்குவரத்து விட்டுப்போகவில்லை. ஆவுடை ஜெர்மன் கற்றுக்கொண்டாள். பாதி ரொட்டிக்கடையில், பாதி வீட்டுக்காரம்மாவிடம். யாழ்ப்பாணத்து மாணவன் படிப்பை முடித்து வுப்பர்டாலிலேயே ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மருத்துவமனை இருக்கிறது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் தேவைப்படுகிறார்கள், தங்க அறையும் குழந்தையை விட இடமும் தருகிறார்கள் என்று அவன்தான் சொன்னான். "நீங்கள் ஓம் எண்டால் நான் கதைச்சு வைக்கிறன், ஆவுடையக்கா" என்றான். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுவில் அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது. புதிய பேராசிரியர் ஊருக்குப் பொதுவாக ஓர் உரை நிகழ்த்துவது அங்கே வழக்கம். குடும்பத்தை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். ஓர் இந்தியருக்கு இந்த இடம் கிடைத்தது செய்தி என்பதால், சென்னைக்கு ஒரு குறிப்பு அனுப்ப நானும் போவதாக இருந்தேன்.

முந்தைய நாள் ஆவுடை ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அதே கோட்டு, மடித்துத் தைத்த அதே கை.

"நாளைக்கு மேடையில அந்த அக்கா தங்கச்சி கதையைச் சொல்லப் போறாராம். அதை யாரு சொன்னதுன்னும் சொல்லுவாரு. கணக்குல அந்த நேர்மை அவருக்கு உண்டு" என்றாள்.

ஆமாம் என்றேன். அடுத்தவர் யோசனையைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"என் பேரைச் சொன்னா இருக்கேன். இல்லாட்டி வுப்பர்டால்."

இதை அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லி வச்சுச் சொன்னா அது எப்படி? கேட்டு வாங்கறது பேரா?"

பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். ரயிலில் போகப்போகிறோம் என்று மட்டும் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "வர்றேன், அக்கா" என்றாள். அந்தச் சொல்லை என்னிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன விதத்திலிருந்து, என்ன நடக்கும் என்பது அவளுக்கு ஓரளவு தெரிந்திருந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

படிப்படியாக உயர்ந்த பெரிய மண்டபம். மடங்கு இருக்கைகள். நான் பக்கவாட்டில், முன்வரிசை தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன். ஆவுடை பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கோட்டு மடியில் இருந்தது. பக்கத்தில் குழந்தை. அப்போது அதற்கு ஆறு வயது இருக்கும். நன்றாகப் பேசினார் அவர். குடும்பம் என்ற உதாரணத்துக்கு வந்தபோது கரும்பலகையில் நாலு புள்ளி போட்டு, ஜெர்மன் சகோதரிகளை இடம் மாற்றினார். பிறகு தமிழ்ச் சகோதரிகளை எடுத்துக்கொண்டு, ஏன் மாற்ற முடியாது என்று விளக்கினார். மண்டபத்தில் ரசிப்பின் முணுமுணுப்பு எழுந்தது.

"இது என்னுடைய யோசனை அல்ல" என்றார். "ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி ஊற்றிக்கொண்டே இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி, கோமதி."

முட்டிகள் மேஜைகளைத் தட்டின. தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்த குழந்தை, தட்டல் ஓய்கிற நேரத்தில், தெளிவான தமிழில் கேட்டது.

"அம்மா, நான் ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல" என்றாள் ஆவுடை. "நீ சொல்லல."

உரையின் கடைசியில் அவர் அந்த வித்தைக்கு வந்தார். மேஜைக்குப் பதிலாக, ஆணியில் தொங்கும் பெரிய வெள்ளைச் சதுரப் பலகை. எல்லாரும் கண்ணை மூடுங்கள் என்றார். நரைத்த தலைகளும் மாணவர்களும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஒரு தடவை மூடியது போதும். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையிடம் போனார். ஆவுடை எழுந்தாள். இருக்கை படாரென்று மடங்காமல் இருக்க, அதைக் கையால் பிடித்து மெல்ல விட்டாள். குழந்தையின் இருக்கையையும் அப்படியே. கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, குழந்தையைப் பிடித்தபடி பக்கக் கதவு வழியாக வெளியே போனாள். அவர் பலகையைக் கால் வட்டம் திருப்பித் தொங்கவிட்டார்.

"திறங்கள்" என்றார். "என்ன மாறியிருக்கிறது?"

மண்டபம் ஒரே குரலில் ஒன்றுமில்லை என்றது.

"சரி" என்றார். அவர் கண் மண்டபம் முழுக்க ஒரு தடவை போய்வந்தது. முன்வரிசையையும் கடந்துதான் போனது.

பிறகு பூங்கொத்து கொடுத்தார்கள். கை குலுக்கினார்கள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது அவர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தார். பூங்கொத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மடங்கிய இருக்கைகள் இரண்டின் முன்னால் நின்றார். ஒன்றின் முன்னாலிருந்த மேஜையில் அந்தக் கையுறைகள் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன.

"கோமதி" என்று கூப்பிட்டார். உரக்க அல்ல.

அந்தப் பெயருக்குரிய மூவரில் அவர் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் வரவில்லை.